துருவ ஒளிக்கு ஒரு கோயமுத்தூர்க் கணக்கு

பூமியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடி வழியாகப் போகிறது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு காந்த ஊசியை நூலில் கட்டித் தொங்கவிட்டால் அது மேலேயும் சாயாது, கீழேயும் சாயாது. ஏறக்குறையக் கிடைமட்டமாகவே நிற்கும். இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட்டை 1963 நவம்பர் 21 அன்று தும்பாவில் ஏவியதற்கும், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் நெல்லை கிருஷ்ணாபுரத்தில் ஆய்வுக்கூடம் வைத்திருப்பதற்கும் அந்தக் கோடுதான் காரணம். துருவ ஒளி இதற்கு நேர் எதிர். பெரும்பாலும் காந்த முனைகளைச் சுற்றித்தான் அது ஆடும். அதைப் பார்க்க உலகிலேயே தோதில்லாத இடம் எது என்று யாராவது போட்டி வைத்தால் நாம் கடைசிச் சுற்றுவரை போய்விடுவோம்.

அதனாலோ என்னவோ, ஆசை மட்டும் குறைச்சலில்லை. சுவிட்சர்லாந்து பார்த்தாயிற்று, பாலி பார்த்தாயிற்று, அடுத்து 'நார்தன் லைட்ஸ்'தான் என்று கோவையில் பல வீடுகளில் பேச்சு ஓடுகிறது. துடியலூரில் பம்ப்செட் உதிரிபாகப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒரு வண்ண நோட்டீஸோடு வந்தார்.

"ஏனுங், டிசம்பர்ல பசங்களுக்கு அரைப்பரீட்சை லீவுங். ஏழு ராத்திரி, மூணு நாடு. கடைசில சாண்டா கிளாஸ் ஊரு. நார்தன் லைட்ஸ் உண்டுன்னு இதுலயே போட்டிருக்கறாங்க. பணத்தக் கட்டீறலாமுங்களா?"

வாங்கிப் பார்த்தேன். ஆஸ்லோ, ஸ்டாக்ஹோம், ஹெல்சிங்கி என்று தலைநகரங்களைச் சுற்றிவிட்டு, துருவ வட்டத்தை ஒட்டிய ரோவனியெமியில் தங்குவது இரண்டே இரவு. கூட வந்திருந்த அவருடைய அம்மாவுக்கு வேறொரு சந்தேகம். "அங்க பொழுதே விடியாதாமே கண்ணு, அப்பறம் எப்ப எந்திரிச்சு எப்பக் குளிக்கறது?"

அம்மாவின் கேள்விதான் கூர்மையானது. நார்வேயின் ட்ரோம்சோவில் நவம்பர் 27 வாக்கில் மறையும் சூரியன் ஜனவரி 15 வாக்கில்தான் மறுபடி எட்டிப்பார்க்கும். நடுப்பகலில் சில மணி நேரம் நீலமாக ஒரு மங்கல் வெளிச்சம் வரும், அவ்வளவுதான். இரவு நீளம்; ஆகவே வாய்ப்பும் அதிகம் என்று ஏஜெண்டுகள் சொல்வார்கள். பாதி உண்மை. நீளமான இரவு முழுக்க மேகம் மூடியிருந்தால், நீளமாக மேகத்தைப் பார்க்கலாம். இந்தப் பயணத்தில் பணத்தை இரவுகளில் போட வேண்டும், நாடுகளில் அல்ல. மேகம் குறைந்த ஒரே இடத்தில், நான்கைந்து இரவு. மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான்.

மேட்டுப்பாளையம் ரோட்டில் இருக்கிறது சேதி

துருவ ஒளி சூரியனில் கருவாகிறது. சூரியன் ஓயாமல் மின்னூட்டம் கொண்ட துகள்களை ஊதிக்கொண்டே இருக்கிறது. சில சமயம் அதன் வெளி மண்டலத்தில் ஒரு பகுதியே பிய்த்துக்கொண்டு கிளம்பும். ஒளிக்கு எட்டு நிமிடம் ஆகும் தூரத்தை இந்தத் துகள் மேகம் கடக்க ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். பூமியின் காந்தப்புலம் அதைத் தடுத்துத் திருப்புகிறது. அந்த மோதலில் முடுக்கப்படும் எலெக்ட்ரான்கள் காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு துருவப் பக்கமாக இறங்கி, மேல் வளிமண்டலத்து வாயுக்களில் மோதுகின்றன. சுமார் 100 முதல் 150 கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் பச்சையாக ஒளிரும். 200 கிலோமீட்டருக்கு மேல் அதே ஆக்சிஜன் சிவப்பு. கீழ் விளிம்பில் சில நேரம் தெரியும் ஊதாவும் நீலமும் நைட்ரஜன் உபயம்.

இது எல்லாப் புத்தகத்திலும் உள்ளது. கோவைக்காரர்கள் கவனிக்க வேண்டியது வேறு. துடியலூர் வழியாகப் போகும் மேட்டுப்பாளையம் ரோட்டைப் பிடித்து மலையேறினால், மூன்று மணி நேரத்தில் இந்தச் சூரியப் புயல்களை அளக்கிற இரண்டு கருவிகளிடம் போய் நிற்கலாம்.

ஒன்று, ஊட்டி முத்தோரையில் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டி 1970ல் இயங்கத் தொடங்கிய ரேடியோ தொலைநோக்கி. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஊரின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. அதே 11 டிகிரி சாய்வுள்ள ஒரு மலைச்சரிவைத் தேடிப்பிடித்து அதன்மேல் வடக்கு தெற்காகப் படுக்க வைத்திருக்கிறார்கள். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. ஒரே அச்சில் திருப்பினாலே வானில் ஒரு பொருளை மணிக்கணக்கில் தொடரலாம். செலவைக் குறைக்க மலையையே இயந்திரத்தின் பாகமாக்கிய அந்த யோசனையைக் கோவைப் பட்டறைக்காரர்கள் யாரும் மெச்சாமல் இருக்க மாட்டார்கள். தொலைதூர ரேடியோ மூலங்களிலிருந்து வரும் அலை, சூரியக் காற்றைக் கடக்கும்போது மினுக்கும். அந்த மினுக்கலை வைத்து, சூரியனிலிருந்து கிளம்பிய புயல் என்ன வேகத்தில் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று கணிப்பது இங்கே பல பத்தாண்டுகளாக நடக்கும் வேலை.

இன்னொன்று, ஊட்டியிலேயே டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் கிரேப்ஸ்-3 காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடம். 560 சதுர மீட்டர் பரப்புள்ள அதன் மியூயான் கருவி 2015 ஜூன் 22 அன்று சுமார் இரண்டு மணி நேரம் நீடித்த ஒரு காஸ்மிக் கதிர்ப் பெருக்கைப் பதிவுசெய்தது. சூரியனிலிருந்து வந்த பிழம்பு மோதியதில் பூமியின் காந்தக் கவசம் நசுங்கி, கொஞ்ச நேரம் பலவீனமாகிவிட்டது. வழக்கமாகத் தடுத்து நிறுத்தப்படும் துகள்கள் உள்ளே நுழைந்துவிட்டன என்பது ஆய்வாளர்களின் முடிவு. 2016ல் அது சர்வதேச ஆய்விதழில் வெளியானது. அதே புயல் அந்த நாளில் உயர் அட்சரேகை நாடுகளில் வானத்தை வண்ணமாக்கியது. அங்கே ஜனங்கள் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்த விஷயத்தை, இங்கே நீலகிரியில் ஒரு கருவி எண்களாக எழுதிக்கொண்டிருந்தது.

இப்போது விண்வெளியிலும் நமக்கு ஒரு கண் இருக்கிறது. செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி திட்ட இயக்குநராக இருந்து அனுப்பிய ஆதித்யா எல்-1, 2023 செப்டம்பர் 2ல் கிளம்பி 2024 ஜனவரி 6ல் தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, சூரியனைப் பார்த்தபடி இருக்கிறது.

இந்தியாவில் தெரியாதா?

தெரிந்திருக்கிறது. 1872 பிப்ரவரி 4 அன்று வீசிய காந்தப் புயலில் துருவ ஒளி பம்பாயில் தென்பட்டதாகப் பதிவு உண்டு. அது நூற்றாண்டுக்கு ஒருமுறை வாய்க்கிற சங்கதி. 2024 மே 10, 11 தேதிகளில், 2003க்குப் பிறகு பூமியைத் தாக்கிய மிகக் கடுமையான காந்தப் புயலின்போது, லடாக்கின் ஹன்லேயில் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் கேமராக்கள் வடக்கு வானில் சிவப்பு ஒளியைப் படம்பிடித்தன. அதே ஆண்டு அக்டோபரிலும் அப்படி நடந்தது. உடனே "லடாக்குலயே நார்தன் லைட்ஸ்" என்று ரீல்ஸ் பறந்தது.

ஹன்லே சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிற, இருள் காக்கப்படும் வானப் பகுதி. நட்சத்திரம் பார்க்க அதைவிட நல்ல இடம் இந்தியாவில் இல்லை. அதற்காகவே ஒருமுறை போகலாம். ஆனால் அங்கே தெரிந்த சிவப்பு பெரும்பாலும் கேமராவுக்குத் தெரிந்தது. வருடத்தில் எந்த இரவில் அது வரும் என்று யாராலும் முன்பதிவு செய்துதர முடியாது. துருவ ஒளியை நம்பி ஹன்லேக்கு டிக்கெட் போட வேண்டாம்.

சின்னக்கல்லாறா, சூலூரா?

வடக்கே போனால் கதையே வேறு. காந்தத் துருவத்தின் தலையில் வைத்த சும்மாடு மாதிரி ஒரு வளையம் எந்நேரமும் இருக்கிறது. காந்த அட்சரேகையில் ஏறக்குறைய 65 முதல் 70 டிகிரி வரை. ட்ரோம்சோ, ஸ்வீடனின் கிருணா, பின்லாந்தின் இனாரி, ரஷ்யாவின் முர்மான்ஸ்க் எல்லாம் இந்த வளையத்தின் கீழே, அல்லது விளிம்பில். காந்தக் கொந்தளிப்பை அளக்கும் கே.பி. என்ற எண் 0 முதல் 9 வரை போகும். இந்த ஊர்களில் அது 1, 2 என்று இருந்தாலே ஒளி தெரியலாம். கே.பி. 5 வந்தால்தான் பார்க்க முடியும் என்று செல்போன் செயலியைப் பார்த்துப் படுத்துத் தூங்கிவிடுகிறவர்கள் உண்டு. அந்தக் கவலை லண்டன்காரர்களுக்கு, எடின்பரோக்காரர்களுக்கு. வளையத்துக்குக் கீழே நிற்கிறவருக்கு வானம் திறந்திருக்கிறதா என்பது ஒன்றே கேள்வி.

இந்த இடத்தில் கோவைக்காரருக்கு ஒரு சாதகம் உண்டு. மழை மறைவு என்றால் என்னவென்று அவருக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதி வால்பாறை சின்னக்கல்லாறில் கொட்டித் தீர்த்துவிட்டு, மலை இறங்கும்போது வெறுங்கையோடு சூலூருக்கும் பல்லடத்துக்கும் வருகிறது. ஸ்காண்டிநேவியாவிலும் இதே கணக்குதான். அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று நார்வேயின் கடலோர மலைகளில் மோதி, அந்தப் பக்கமே பனியாகவும் மழையாகவும் இறங்கிவிடும். ட்ரோம்சோ அந்தச் சின்னக்கல்லாறுப் பக்கம். மலைக்குக் கிழக்கே, ஸ்வீடன் எல்லைக்குள் இருக்கும் அபிஸ்கோ சூலூர்ப் பக்கம். ஆண்டுக்குச் சுமார் 300 மில்லிமீட்டர்தான் அங்கே மழையும் பனியும் சேர்த்து. டோர்னெத்ரெஸ்க் என்ற 70 கிலோமீட்டர் நீள ஏரியும் அதைச் சுற்றியுள்ள மலைகளும் சேர்ந்து, சுற்றிலும் மூடியிருக்கும்போதுகூட அபிஸ்கோ தலைக்கு மேல் வானத்தைத் திறந்துவைப்பது அடிக்கடி நடக்கிறது.

ட்ரோம்சோ வழிகாட்டிகளுக்கும் இது தெரியும். ஊர் மூடிக்கிடக்கிற இரவில் அவர்கள் பயணிகளை மினிபஸ்ஸில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டு ஷிபோத்தன் பள்ளத்தாக்கு வழியாகப் பின்லாந்து எல்லைவரை ஓட்டுவார்கள். மழை மறைவைத் தேடித்தான் அந்த ஓட்டம். ஆகவே ட்ரோம்சோவில் தங்குகிறவர்கள் ஊருக்குள் படகில் உட்காரவைக்கும் சுற்றைவிட, வானம் திறக்கும்வரை ஓட்டத் தயாராக இருக்கும் வண்டியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளவும். எல்லை தாண்டும் இரவுகள் உண்டு. தாமே காரை வாடகைக்கு எடுத்து ஓட்டலாம் என்று நினைக்கிற வீரர்களுக்கு ஒரு வார்த்தை: கல்லட்டி மலைப்பாதையில் ஓட்டிய அனுபவம் பனிக்கட்டிச் சாலைக்கு உதவாது.

எத்தனை இரவு? ஒரு பேச்சுக்கு, எந்த இரவிலும் வானம் திறந்து ஒளியும் வர மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இரவு தங்கினால் ஒருமுறையாவது பார்க்க 56 சதவீத வாய்ப்பு. ஐந்து இரவு தங்கினால் 87 சதவீதம். மேகம் வந்தால் இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல நிற்கும் என்பதால் நிஜத்தில் இதைவிடக் கொஞ்சம் குறையும். ஆனாலும் இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவே இருக்கிற இடைவெளி சிறியதல்ல. பட்டறை நண்பர் கால்குலேட்டரை எடுத்து மறுபடி தட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப ஸ்டாக்ஹோம வெட்டீறலாமுங்" என்றார். வெட்டினால் தகும். ஸ்டாக்ஹோம் ஓடிப்போகாது.

எந்த மாதம்? டிசம்பர் என்று சொல்வது பள்ளிக்கூட நாட்காட்டி. வானத்தின் நாட்காட்டி பிப்ரவரி கடைசி, மார்ச் என்கிறது. பகலும் இரவும் சமமாகும் மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டிப் புவிகாந்தக் கொந்தளிப்பு சற்றுக் கூடும் என்பது நெடுங்காலப் பதிவுகளில் தெரிகிற உண்மை. லாப்லாந்தில் முன்பனிக்காலத்தைவிடப் பின்பனிக்காலத்தில் பொதுவாக மேகம் குறைவு. பகலில் வெயில் இருக்கும். நாய் வண்டி, பனிச்சறுக்கு என்று குழந்தைகளைப் பகல் முழுக்க வெளியே வைத்திருக்கலாம். பிளஸ் டூ படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் மார்ச் நினைக்கவே முடியாது, சரி. அப்படிப்பட்ட வீடுகளுக்கு இன்னொரு வழி உண்டு, பலர் யோசிப்பதில்லை: காலாண்டுத் தேர்வு விடுமுறை. செப்டம்பர் கடைசியில் வடக்கே இருட்டு போதுமான அளவு திரும்பிவிடும், குளிர் ஊட்டி ஜனவரியைவிடக் கொஞ்சம்தான் கூடுதல், ஏரிகள் உறைந்திருக்காது, ஒளி தண்ணீரிலும் தெரியும். பனி மட்டும் இருக்காது. மே மாத லீவில் போவதாகத் திட்டம் போடுகிறவர்கள் இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிடலாம். அப்போது அங்கே இருட்டே கிடையாது. பொங்கல் லீவு போய்வரும் பயணத்துக்கே சரியாகிவிடும். இன்னொன்றையும் பாருங்கள்: பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் மெல்லிய ஒளி நிலா வெளிச்சத்தில் கரைந்துவிடும். தினசரிக் காலண்டரில் அமாவாசையைப் பார்த்து நாள் குறிப்பது நமக்குப் புதிதா என்ன!

சூரியனின் பதினோரு ஆண்டுச் சுழற்சி 2024 அக்டோபரில் உச்சக்கட்டத்தில் இருப்பதாக நாசாவும் அமெரிக்க நோவா அமைப்பும் அறிவித்தன. "உச்சம் முடிஞ்சிருச்சு, இனிமே போயி பிரயோசனமில்ல" என்றும் ஒரு பேச்சு. உச்சம் முடிந்த பிறகு வரும் இறங்குகாலத்தில்தான் சூரியனின் வெளி மண்டலத்தில் பெரிய துளைகள் நிலைத்து நின்று வேகக் காற்றை வீசும். சூரியன் சுமார் 27 நாளுக்கு ஒருமுறை தன்னைச் சுற்றுவதால் அதே துளை மறுபடி நம் பக்கம் திரும்பும். போகவேண்டிய மாதத்துக்கு முந்தைய மாதம் எந்தத் தேதிகளில் நல்ல ஒளி வந்தது என்று பார்த்து 27 நாளைக் கூட்டினால், ஓரளவு நம்பகமான ஒரு ஊகம் கிடைக்கும். தங்குமிடம் முன்பே பதிவு செய்தவர்களுக்கு இது எந்த இரவில் விழித்திருப்பது என்று முடிவெடுக்க மட்டும் உதவும்.

ஊர்த் தேர்வைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸ் தாத்தாவும் குழந்தைகளும் முக்கியமென்றால் ரோவனியெமி. ஒளிதான் முக்கியமென்றால் அங்கிருந்து இன்னும் வடக்கே இனாரி, சாரிசெல்கா, இவாலோ. நகரமும் வேண்டும் ஒளியும் வேண்டும் என்றால் ட்ரோம்சோ. எனக்குப் பிடித்த தேர்வு கிருணாவும் அபிஸ்கோவும். ஸ்டாக்ஹோமிலிருந்து கிருணாவுக்கு விமானமும் உண்டு, இரவு ரயிலும் உண்டு; அதே தண்டவாளம் அபிஸ்கோ வழியாக நார்வேயின் நார்விக் துறைமுகம்வரை இரும்புத் தாதுவை இழுத்துப்போகிறது. வார்ப்படத் தொழிலில் இருக்கிறவர்களுக்குக் கிருணா தனிச்சுவை. ஊருக்கு அடியில் இரும்புச் சுரங்கம் தோண்டித் தோண்டி, நிலம் இறங்கத் தொடங்கியதால் ஊரையே நகர்த்திக்கொண்டிருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் 672 டன் எடையுள்ள மரத் தேவாலயத்தை அப்படியே தூக்கி, ஐந்து கிலோமீட்டர் தள்ளி வைத்தார்கள்.

முர்மான்ஸ்க் மலிவு, இ-விசா எளிது என்று இந்தியர்கள் கூட்டமாகப் போகிறார்கள். மாஸ்கோவிலிருந்து இரண்டரை மணி நேர விமானம். ஆனால் 2022 மார்ச்சிலிருந்து நம் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் ரஷ்யாவில் வேலை செய்வதில்லை, ரொக்கம்தான். போர் நடக்கிற நாடு. முர்மான்ஸ்க் பகுதியிலேயே 2025 ஜூனில் ட்ரோன் தாக்குதல் நடந்திருக்கிறது. தனியாகப் போகும் இளைஞர் தாமே முடிவெடுக்கட்டும். பிள்ளைகுட்டிகளோடு நான் போகச் சொல்லமாட்டேன்.

பருத்தியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்

பஞ்சாலைகளால் வளர்ந்த ஊர்க்காரரிடம் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது: துருவக் குளிரில் பருத்தி ஆகாது. பனியன், ஜட்டி, சாக்ஸ்வரை. பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நடந்துவிட்டு நிற்கும்போது அந்த ஈரம் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். தோலை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர் தெர்மல், அதன்மேல் ஃபிலீஸ் அல்லது கம்பளி ஸ்வெட்டர், அதற்கும் மேல் காற்று புகாத ஜாக்கெட். மூன்று அடுக்கு. திருப்பூரில் ஐரோப்பிய ஏற்றுமதிக்குத் தைக்கிற ஃபிலீஸும் தெர்மலும் உள்ளூரிலேயே கிடைக்கும். மேல் ஜாக்கெட்டையும் பனி பூட்ஸையும் விலைகொடுத்து வாங்க வேண்டாம். வடக்கே பெரும்பாலான சுற்றுலா நிறுவனங்கள் முழு உடல் குளிர்ச் சட்டையும் பூட்ஸும் இரவல் தருகின்றன. முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொண்டால் போதும். மார்கழிக் காலையில் 19 டிகிரிக்கே குரங்குக் குல்லா மாட்டும் நமக்கு உள்நாட்டு லாப்லாந்தின் மைனஸ் 25 எப்படி இருக்கும் என்று பயப்பட வேண்டாம். அசையாமல் நிற்கிறபோதுதான் அது கடிக்கும். துருவ ஒளி பார்ப்பதோ முழுக்க முழுக்க அசையாமல் நிற்கும் வேலை. கால்விரல்தான் முதலில் புலம்பும். பூட்ஸ் ஓர் அளவு பெரிதாக இருந்து, உள்ளே காற்று தங்க வேண்டும்.

பெரியவர்களைக் கூட்டிப்போகிறவர்களுக்கு: குளிரைவிட வழுக்கல் ஆபத்து. செருப்புக்கடியில் மாட்டும் ஆணி வைத்த ரப்பர் பட்டை எல்லாப் பல்பொருள் கடையிலும் கிடைக்கும். இறங்கிய அன்றே வாங்கிவிட வேண்டும். இன்சுலின் உறைந்தால் வீணாகிவிடும். அதை வெளிப் பையில் வைக்காமல் உடம்போடு ஒட்டிய உள்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் கிளம்பக் கூடாது.

சாப்பாட்டுக்குச் சமையலறை உள்ள வீடாகப் பார்த்து எடுங்கள். மீனும் கலைமான் கறியும்தான் அங்கே ஊர்ச் சாப்பாடு. சைவக்காரருக்கு ஓட்டல் பட்டியலில் இடம் குறைவு, விலை அதிகம். அரிசியும் பருப்பும் காய்கறியும் கடையில் கிடைக்கும். அரிசிம்பருப்புச் சோற்றுக்கு வேண்டிய பொடியை இங்கிருந்து கொண்டுபோகலாம். நெய்யை மட்டும் விட்டுவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பாலும் இறைச்சியும் சேர்ந்த பொருள்களைப் பயணிகள் கொண்டுவர அனுமதி இல்லை. நார்வேயிலும் அதே விதிதான்.

விசா பற்றி: நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கன் விசாதான். அதிக இரவு தங்கும் நாட்டின் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கைரேகை கொடுக்க நேரில் போக வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். விவசாய வருமானம் மட்டும் உள்ள குடும்பங்கள் வருமான வரிக் கணக்கு காட்ட முடியாமல் திணறுவதுண்டு. சிட்டா, விளைபொருள் விற்ற ரசீது, வங்கிக் கணக்கு, இவற்றோடு ஒரு விளக்கக் கடிதம் வைத்துவிட்டால் நல்லது. சுற்றுலாத் தொகுப்பு வாங்கும்போது பிடிக்கிற வரியை வருமான வரிக் கணக்கில் ஈடுகட்டிக்கொள்ளலாம். அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்காமல் விடுகிறவர்களே அதிகம்.

அங்கே ஏற்கெனவே இருக்கும் நம்மவர்கள்

இந்த ஒளியை விடுமுறைக்காகத் தேடிப்போகாத தமிழர்களும் இருக்கிறார்கள். யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்த அந்தோனி ராஜேந்திரம் 1956ல் நார்வே போய்ச் சேர்ந்தார். மீன்பிடித் தொழிலைக் கற்று, 1960களில் காரைநகரில் 'சீநோர்' திட்டம் தொடங்கக் காரணமானார். அவர் போட்ட வழியில் மாணவர்கள் போனார்கள். 1983க்குப் பிறகு அகதிகள் போனார்கள். அவர்களில் கணிசமானோர் நார்வேயின் வடகோடி மாவட்டமான ஃபின்மார்க்கின் மீன் பதப்படுத்தும் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். உள்ளூர்க்காரர்கள் விட்டுப்போன வேலை அது. எது பால்டிக் கடல், எது பேரன்ட்ஸ் கடல் என்றுகூடத் தெரியாமல் வந்து, இரண்டு மாதம் சூரியன் இல்லாத கடலோரக் கிராமங்களில் மீன் வெட்டினார்கள், வாடகை கட்டினார்கள், ஊருக்குப் பணம் அனுப்பினார்கள். அந்தக் கிராமங்களின் தமிழர்களுடைய உடல்வலியையும் தனிமையையும் பற்றி ஆன் சிக்ஃப்ரிட் கிரோன்செத் என்ற மானிடவியலாளர் விரிவாக ஆராய்ந்து புத்தகமே எழுதியிருக்கிறார். பலர் பின்னாளில் தெற்கே ஆஸ்லோவுக்கு இடம்பெயர்ந்தார்கள். 2015ல் ஆஸ்லோவின் துணை மேயரும், 2021ல் நார்வே நாடாளுமன்ற உறுப்பினருமான ஹம்சாயினி குணரத்தினத்தின் குடும்பமும் முதலில் ஃபின்மார்க்கின் ஹம்மர்ஃபெஸ்ட்டில் இருந்துவிட்டுத்தான் ஆஸ்லோ வந்தது.

கண்ணாடி இக்ளூவில் படுத்தபடி பார்க்க நாம் லட்சக்கணக்கில் கட்டுகிற வானத்தின் கீழ்தான் அவர்கள் ஆலை ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு நடந்தார்கள். நார்வேயில் உறவினர் இருக்கிற வீடுகள் ஈழத்தமிழர்கள் மத்தியில் நிறைய. வடக்கே வாழ்ந்த ஒரு மாமாவோ சித்தியோ இருந்தால் எந்தச் சுற்றுலாக் கையேட்டையும் விட அவர்களிடம் கேட்பது மேல். எந்த மாதம் எந்தப் பக்கக் காற்றடித்தால் வானம் மூடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

கண்ணுக்கு எவ்வளவு, கேமராவுக்கு எவ்வளவு

படங்களில் பார்க்கிற அடர்பச்சை நேரில் எப்போதும் வராது. மங்கலான இருட்டில் நம் கண் நிறத்தைச் சரியாகப் பிரிப்பதில்லை. மெல்லிய ஒளி சாம்பல் வெள்ளையாக, நகர்கிற மேகம் மாதிரிதான் தெரியும். கேமரா பத்து வினாடி வெளிச்சத்தைச் சேர்த்துக்கொள்வதால் அதைப் பச்சையாகக் காட்டும். வலுவான இரவில் கண்ணுக்கே பச்சையும் அடியில் இளஞ்சிவப்பும் தெளிவாகத் தெரியும், திரை மாதிரி அலையும், சில நிமிடத்தில் வானத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓடும். இந்த வேறுபாட்டை வீட்டில் எல்லோரிடமும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் ஒளி தலைக்கு மேலேயே நிற்கும்போது "இது மேகமுங்" என்று சொல்லிவிட்டுப் பாதிக் குடும்பம் உள்ளே போய்விடும். சந்தேகமிருந்தால் செல்போனில் ஒரு படம் எடுங்கள்; பச்சை விழுந்தால் அதுதான்.

பெரும்பாலும் இரவு 9 மணியிலிருந்து 1 மணிக்குள் ஒரு வேகம் வரும். ஆனால் ஒரு எழுச்சி அடங்கியதும் எல்லோரும் வண்டியேறுகிற நேரத்தில் அடுத்தது கிளம்புவதும் உண்டு. செல்போனில் இரவுப் பயன்முறை, மூன்று முதல் பத்து வினாடி, ஆடாத முக்காலி. கேமரா என்றால் ஐஎஸ்ஓ 1600 முதல் 3200, எஃப் 2.8, ஐந்து முதல் பதினைந்து வினாடி. ஃபோகஸைக் கையால் ஒரு நட்சத்திரத்தில் வைத்துவிடுங்கள். உபரி பேட்டரி உள்பையில் இருக்கட்டும், குளிரில் சீக்கிரம் தீர்ந்துவிடும். அறைக்குள் வருமுன் கேமராவைப் பையில் இறுக மூடிக்கொள்ளாவிட்டால் லென்ஸுக்குள் நீர் கோத்துக்கொள்ளும்.

பணம் கட்டுவதற்கு முன் ஏஜெண்டிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை கொஞ்சம் உண்டு. துருவ வட்டத்துக்கு வடக்கே எத்தனை இரவு? ஒளி தேடிப் போகும் வண்டி எத்தனை கிலோமீட்டர்வரை ஓடும், எல்லை தாண்டுமா? ஒரு இரவு மேகம் மூடினால் மறுநாள் கட்டணமின்றியோ பாதிக் கட்டணத்திலோ மறுபடி கூட்டிப்போவார்களா? சில நிறுவனங்கள் அப்படிச் செய்கின்றன, பல செய்வதில்லை. 'உத்தரவாதம்' என்று நோட்டீஸில் போட்டிருந்தால் அதன் பொருள் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றுதானா என்று விசாரியுங்கள். விமானம் தாமதமானால், பெட்டி தொலைந்தால், கால் வழுக்கி எலும்பு முறிந்தால் பயணக் காப்பீடு பணம் தரும். ஐந்து இரவும் மேகம் மூடியதற்காகத் தராது.